ரேஞ்சரின் ஓநாய் ஏன் சும்மா நின்றது: ஒரு கிளாஸும் பத்தாண்டுத் திருத்தங்களும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு; அதில் ஒருவர் எடுக்கும் பாத்திர வகைதான் கிளாஸ். விளையாடுகிறவர்கள் எந்தக் கிளாஸைப் பற்றியும் வாதாடுவார்கள். மாங்க் அடி தாங்க மாட்டான், சோர்சரருக்கு ஸ்பெல் (மந்திரம்) போதவில்லை, உயர்ந்த லெவலில் விஸார்டு எல்லோரையும் ஓரங்கட்டிவிடுகிறான் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். காட்டு வேட்டைக்காரனான ரேஞ்சர் விஷயம் அந்த அளவோடு நிற்கவில்லை. ஐந்தாம் பதிப்பின் விதிப்புத்தகம் வந்தது 2014-இல். அதன் பிறகு 2015, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ரேஞ்சருக்கான சோதனை விதிகளை வெளியிட்டது. 2020-இல் மாற்று அம்சங்களை அச்சேற்றியது. 2022-இல் மறுபடியும் சோதனை. 2024-இல் புதிய விதிப்புத்தகத்தில் முழுதாகத் திருத்தி எழுதியது. அப்படியும் வாதம் ஓயவில்லை.

இவ்வளவு பேர் இவ்வளவு காலம் மல்லுக்கட்டிய பிறகும் ஒரு கிளாஸ் சரியாக உட்காரவில்லை என்றால், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதிலேயே குழப்பம் இருந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. "ரேஞ்சர் பலவீனம்" என்ற பேச்சை எல்லோரும் டேமேஜ் (எதிரிக்குச் செய்யும் சேதம்) பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். 2014 ரேஞ்சரிடம் டேமேஜ் போதுமான அளவு இருந்தது. காட்டில் வழி கண்டுபிடிக்கவும், ஒரு விலங்கோடு சேர்ந்து வேட்டையாடவும் ஆசைப்பட்டுத்தான் ஒருவர் ரேஞ்சரைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த இரண்டையும் மேசையில் செய்துபார்க்கும் வாய்ப்பை ரேஞ்சரின் சொந்த விதிகளே பறித்தன. குறை அங்கே இருந்தது.

முதலில் கணக்கு

ஐந்தாவது லெவலில் ஒரு ஃபைட்டரையும் ஒரு ரேஞ்சரையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் டெக்ஸ்டெரிட்டி 18, கையில் லாங்போ, ஆர்ச்சரி ஸ்டைல். தாக்கும்போது உருட்டும் இருபது முகப் பகடையோடு +9 சேரும். எதிரியின் ஏ.சி. (அந்த எண்ணைத் தொட்டால்தான் அடி படும்) 15 என்றால் நூற்றுக்கு 75 அம்பு படும். ஒரு அம்புக்குச் சராசரி டேமேஜ் 8.5. டர்னுக்கு இரண்டு அம்பு என்றால் எதிர்பார்க்கக்கூடியது 12.75. கிரிட்டிக்கல் எனும் கூடுதல் டேமேஜைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ரேஞ்சர் ஹண்டர்ஸ் மார்க் என்ற ஸ்பெல்லைப் போட்டால் படும் ஒவ்வொரு அம்போடும் 1டி6, அதாவது ஓர் ஆறுமுகப் பகடை, கூடும். டர்னுக்கு 18 ஆகிவிடும். ஹண்டர் சப்கிளாஸின் (கிளாஸுக்குள் ஓர் உட்பிரிவு) கொலோசஸ் ஸ்லேயரும் சேர்ந்தால் 22-ஐத் தொடும். நான்கு ரவுண்டு நடக்கும் சண்டையில் ஹண்டர் 88 பக்கம் டேமேஜ் கொடுப்பார். அதே சண்டையில் ஃபைட்டர் ஆக்ஷன் சர்ஜை (ஒரே டர்னில் இரட்டைத் தாக்குதல்) ஒருமுறை பயன்படுத்தினால் 64. பேட்டில் மாஸ்டர் என்ற சப்கிளாஸாக இருந்து நான்கு டி8 பகடைகளையும் செலவழித்தாலும் 82 பக்கம்தான் வரும். பதினொன்றாவது லெவலில் ஃபைட்டருக்கு மூன்றாவது தாக்குதல் கிடைத்ததும் கதை மாறுகிறது, உண்மைதான். ஆனால் அந்த லெவலுக்கு முன்பே ரேஞ்சர் மீது புகார் மலைபோல் குவிந்துவிட்டது. டேமேஜ் குறைவு அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

ஓநாயின் டர்ன்

இந்த வழக்கின் நடு மையம் பீஸ்ட் மாஸ்டர் சப்கிளாஸ். மூன்றாவது லெவலில் ஒரு விலங்குத் துணை கிடைக்கும். மீடியம் அளவுக்கு மேல் போகக்கூடாது, சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு ஆபத்தானது என்ற மதிப்பு) 1/4-ஐத் தாண்டக்கூடாது. பெரும்பாலானவர்கள் ஓநாயைத்தான் எடுத்தார்கள், எடுத்ததும் பெயரும் வைத்தார்கள்.

2014 விதி சொன்னது இது: நீங்கள் கட்டளையிடாமல் விலங்கு எந்த ஆக்ஷனும் (டர்னுக்கு ஒன்றாகக் கிடைக்கும் முதன்மைச் செயல்) எடுக்காது. நடக்கச் சொல்வதற்குச் செலவில்லை. கடிக்கச் சொல்ல வேண்டுமானால் உங்கள் ஆக்ஷனையே செலவழிக்க வேண்டும். ஐந்தாவது லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் (டர்னுக்கு இரண்டு தாக்குதல்) வந்த பிறகு, ஓநாயைக் கடிக்கச் சொல்லும்போது நீங்களும் ஒரு அம்பு விடலாம். அதற்கு முன்பு, அதாவது மூன்றாவது, நான்காவது லெவலில், ஓநாய் கடித்தால் நீங்கள் வில்லைக் கீழே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஐந்தாவது லெவல் ஓநாயைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ரேஞ்சரின் ப்ரொஃபிஷியன்சி (தேர்ச்சி) போனஸ் +3 சேர்ந்து அதன் தாக்குதல் +7, ஒரு கடிக்குச் சராசரி டேமேஜ் 10. ஏ.சி. 15-க்கு எதிராக நூற்றுக்கு 65 கடி படும். எதிர்பார்க்கக்கூடியது 6.5. இதற்காக ரேஞ்சர் விட்டுக்கொடுப்பது 6.4 மதிப்புள்ள ஒரு அம்பு. கூடினால் 0.1 புள்ளிதான் லாபம். ஹண்டர்ஸ் மார்க் போட்டிருந்தால் அந்த அம்பின் மதிப்பு 9. ஓநாயின் கடிக்கு மார்க்கின் டேமேஜ் சேராது. ஆக, சொந்த ஸ்பெல்லைப் போட்ட ரேஞ்சருக்கு ஓநாயைப் பயன்படுத்துவது நஷ்டம். கூட்டாளி ஒருவர் எதிரியின் பக்கத்தில் நின்றால் பேக் டாக்டிக்ஸ் என்ற ஓநாயின் திறன் மூலம் அட்வான்டேஜ் (இருமுறை உருட்டி நல்லதை எடுப்பது) கிடைத்துக் கடியின் மதிப்பு 8.8-க்கு ஏறும். அப்போதும் 9-ஐத் தொடவில்லை.

இன்னொன்று உண்டு. ஓநாயின் கடி எதிரியைக் கீழே தள்ளக்கூடியது. கீழே விழுந்தவனைத் தூரத்திலிருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டி மோசமானதை எடுப்பது). ஆக, வில்லாளி எஜமானோடு போகும் ஓநாய் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் எஜமானின் அடுத்த அம்பு தவறும் வாய்ப்பு கூடும்.

சரி, கவசமாகவாவது நிற்குமா என்றால் அதன் எச்.பி. (உயிர்ப்புள்ளிகள்) 20. ஐந்தாவது லெவலில் எதிர்ப்படும் ஃபயர்பால் என்ற தீ மந்திரத்தின் சராசரி டேமேஜ் 28. அதைப் பாதியாக்க உருட்டும் டெக்ஸ்டெரிட்டி சேவுக்கு ஓநாய் கொண்டுவருவது வெறும் +2. செத்துப்போனால் எட்டு மணிநேரம் செலவழித்து வேறொரு விலங்கைப் பழக்கிக்கொள்ளலாம் என்றது விதி. பெயர் வைத்து வளர்த்த துணையை உதிரிப்பாகம் மாதிரி மாற்றிக்கொள்ளச் சொல்வது ரேஞ்சர் என்ற கற்பனைக்கே எதிரானது. எண்களைவிட இந்த ஒரு வரிதான் பலரைக் கசப்பாக்கியது என்று நினைக்கிறேன்.

ஒன்பதாவது லெவலில் இது இன்னும் கூர்மையாகிறது. அப்போது ரேஞ்சருக்கு மூன்றாம் நிலை ஸ்பெல்கள் வருகின்றன, அதில் கான்ஜூர் அனிமல்ஸும் ஒன்று. 2014 வடிவத்தில் அது சேலஞ்ச் ரேட்டிங் 1/4 கொண்ட எட்டு விலங்குகளை வரவழைக்கும். அவற்றுக்குக் கட்டளையிட ஆக்ஷன் தேவையில்லை. ஒரு ஸ்பெல் ஸ்லாட்டில் (ஸ்பெல் போடும் ஒரு வாய்ப்பு) வந்த எட்டு ஓநாய்களும் தாமாகக் கடிக்கின்றன, ஒரு சப்கிளாஸையே விலையாகக் கொடுத்து வாங்கிய ஒற்றை ஓநாய் உத்தரவுக்காகக் காத்து நிற்கிறது. ஒரே ஆட்டக்காரரின் தாளிலேயே இரண்டும் இருக்கும்.

2018 பிழைதிருத்தத்தில், கட்டளை இல்லாவிட்டால் ஓநாய் டாட்ஜ் (விலகித் தற்காத்தல்) எடுக்கும் என்று சேர்த்தார்கள். சாகும் வேகம் குறைந்தது, அடிப்படைச் சிக்கல் மாறவில்லை.

சதுப்பு நிலத்தில் நடந்தது என்ன

பீஸ்ட் மாஸ்டரை எடுக்காதவர்களும் புகார் சொன்னார்களே? அவர்களுக்கு முதல் லெவலிலேயே கிடைத்த நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் என்ற அம்சம்தான் காரணம்.

எட்டு வகை நிலப்பரப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நிலத்தில் பயணம் போனால் குழு வழி தவறாது, மாயத்தால் தவறினால் ஒழிய. கடினமான தரை குழுவின் வேகத்தைக் குறைக்காது. உணவு தேடினால் இரு மடங்கு கிடைக்கும். வேறு வேலையில் இருந்தாலும் ஆபத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பார்.

படிக்கும்போது பிரமாதமாக இருக்கிறது. மேசைக்கு வந்தால்? டி.எம். (கதையை நடத்துபவர்) ஒருவர் சதுப்பு நிலப் பயணம் ஒன்றைத் தயார் செய்திருக்கிறார் என்று வையுங்கள். மூன்று நாள் நடை, வழி தவறும் அபாயம், சேற்றில் சிக்கி நேரம் போவது, தீர்ந்துகொண்டிருக்கும் சாப்பாடு. ரேஞ்சரின் நிலம் சதுப்பு. அப்படியென்றால் வழி தவறவில்லை, வேகம் குறையவில்லை, சாப்பாடு தீரவில்லை. "மூன்று நாளில் போய்ச் சேர்ந்தீர்கள்" என்று டி.எம். ஒரே வரியில் முடித்துவிடுவார். ரேஞ்சரை எடுத்தவர் இந்த மூன்று நாளுக்காகத்தான் அந்தக் கிளாஸை எடுத்தார். அவர் ஒரு பகடைகூட உருட்டவில்லை, எந்த முடிவும் எடுக்கவில்லை, யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலம் பாலைவனமாக இருந்திருந்தாலோ இந்த அம்சம் முழுக்கச் செத்துக் கிடந்திருக்கும். பொருந்தினால் காட்சியே நடக்காது, பொருந்தாவிட்டால் அம்சமே இல்லை. இரண்டிலும் அவருக்குக் கிடைத்த நேரம் பூஜ்யம்.

2014 புத்தகம் ஆட்டத்தை மூன்று தூண்களாகப் பிரித்தது: சண்டை, உரையாடல், பயணமும் தேடலும். மூன்றாவது தூணுக்கான விதிகள் மெலிசு. அந்த மெலிசான இடத்தில்தான் ரேஞ்சரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். அங்கேயும் அவர் தனியாக இல்லை. அவுட்லேண்டர் பின்னணியை எடுத்த யாரும் தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் தினமும் உணவும் தண்ணீரும் கண்டுபிடித்துவிடலாம். குட்பெர்ரி ஸ்பெல்லின் ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு, பத்துப் பழம் வரை கிடைக்கும்.

ஃபேவர்ட் எனிமி (தேர்ந்தெடுத்த எதிரி) அம்சம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பதிப்புகளில் ரேஞ்சரின் பரம எதிரிக்கு எதிராக டேமேஜ் கூடும். 1978-இல் ராட்சத வகையினருக்கு எதிராக லெவலுக்கு ஒன்று, 2000-இல் தேர்ந்தெடுத்த எதிரிக்குத் தனி போனஸ் என்று இருந்தது. 2014-இல் அதை எடுத்துவிட்டுத் தடம் பார்க்கவும் தகவல் நினைவுகூரவும் அட்வான்டேஜ் மட்டும் வைத்தார்கள். எதிரியைத் தேடிப் போவதற்கு உதவும், எதிரே வந்து நின்றால் உதவாது.

திருத்தங்கள், ஒவ்வொன்றாக

2015 சோதனை வடிவம் துணிச்சலானது. லெவலுக்கு இரண்டு டி6 ஹிட் டைஸ் (உயிர்ப்புள்ளிப் பகடை), சண்டை தொடங்கும்போதே எல்லோருக்கும் முன்னால் ஒரு கூடுதல் டர்ன். ரேஞ்சரை முதலில் பாய்கிறவராகக் காட்ட நினைத்தார்கள். ஓநாய்க்கும் சதுப்பு நிலத்துக்கும் அதில் சரியான பதில் இல்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

2016 வடிவம்தான் முதன்முதலில் நோயைத் தொட்டது. ஓநாய்க்குச் சொந்த டர்ன் கிடைத்தது. ரேஞ்சர் தாக்கும்போது அது ரியாக்ஷனில் (தன் டர்னுக்கு வெளியே எடுக்கும் செயல்) இன்னொரு முறை கடிக்கலாம். பதிலுக்கு ரேஞ்சர் எக்ஸ்ட்ரா அட்டாக்கை இழந்தார். இந்தப் பேரம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். டர்னில் ரேஞ்சரும் ஓநாயும் சேர்ந்து வேட்டையாடுவது கண்ணுக்குத் தெரிகிறது. கெடுத்தது முதல் லெவல். இனிஷியேட்டிவில் (யார் முதலில் என்ற உருட்டல்) அட்வான்டேஜ், முதல் டர்னில் இன்னும் அசையாத எதிரிக்கு எதிராக அட்வான்டேஜ், கடினமான தரையைப் பொருட்படுத்தாமல் நடப்பது, தேர்ந்தெடுத்த எதிரிக்கு +2 டேமேஜ். எல்லாமே முதல் லெவலில். வேறு கிளாஸில் இருப்பவர் ஒரே ஒரு லெவல் ரேஞ்சர் எடுத்தால் இத்தனையும் அவர் பைக்குள் போய்விடும். பயணத்தில் நடந்த காட்சித் திருட்டுக்குச் சண்டை போனஸால் நஷ்டஈடு கொடுத்தார்கள். அந்த வடிவம் புத்தகமாக வரவே இல்லை.

2017 நவம்பரில் க்ளூம் ஸ்டாக்கர் என்ற சப்கிளாஸ் வந்தது. அடிப்படைக் கிளாஸில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் அதை எடுத்தவர்களிடம் புகார் குறைந்தது. எண்களை நம்புகிற அணி இதைத்தான் தன் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறது: முதல் டர்னில் கூடுதல் தாக்குதல், அதோடு 1டி8, எல்லாம் டேமேஜ்தானே? வலுவான வாதம், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே சப்கிளாஸில் இன்னொன்றையும் பாருங்கள். இருட்டில் டார்க்விஷனை (இருட்டிலும் பார்க்கும் திறன்) மட்டும் நம்பும் எதிரிக்கு க்ளூம் ஸ்டாக்கர் தெரியமாட்டார். டன்ஜனில் இருட்டு எப்போதும் இருக்கும், டி.எம். அதை ஒரு வரியில் தாண்டிப் போக முடியாது. "நான் விளக்கில்லாமல் முன்னால் போய்ப் பார்க்கிறேன்" என்று அவர் சொன்னதும் மேசையே அவரைப் பார்க்கும். என்ன இருக்கிறது, எத்தனை பேர், திரும்பி வருவதா, ஒருவனை முடிப்பதா என்று அடுத்தடுத்து அவர்தான் முடிவெடுப்பார். நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் காட்சியை அழித்தது, இது காட்சியை உண்டாக்குகிறது. கூடுதல் டேமேஜை எடுத்துவிட்டாலும் அந்தக் காட்சி நிற்கும்.

2020 மாற்று அம்சங்களில் ஓநாய்ப் பிரச்சினை கிட்டத்தட்டத் தீர்ந்தது. நிலம், கடல், வானம் என்று மூன்று விலங்கு வடிவங்கள். கட்டளைக்கு போனஸ் ஆக்ஷன் (ஆக்ஷனோடு கூடவே எடுக்கும் சிறு செயல்) போதும். ஐந்தாவது லெவலில் நில விலங்குக்கு ஏ.சி. 16, எச்.பி. 30. செத்தாலும் ஒரு மணிநேரத்துக்குள் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டைச் செலவழித்து அதே விலங்கை எழுப்பலாம். பெயர் மாறத் தேவையில்லை. ரேஞ்சரின் விஸ்டம் 16 என்றால் அதன் ஒரு தாக்குதலின் மதிப்பு 5.7. இரண்டு அம்போடு சேர்த்து டர்னுக்கு 18.4. இது ஹண்டர்ஸ் மார்க் போட்ட ரேஞ்சரின் 18-க்குப் பக்கத்துவீடு. இரண்டும் சேர்ந்தால் 23.7, அதாவது ஹண்டர் சப்கிளாஸின் 22-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் மார்க் போடவும் இடம் மாற்றவும் அதே போனஸ் ஆக்ஷன்தான் வேண்டும், ஆகவே ஒவ்வொரு எதிரி விழும்போதும் "ஓநாயா, மார்க்கா" என்று யோசிக்க வேண்டும். இது நல்ல நெருக்கடி. இரண்டு பக்கமும் ரேஞ்சர் ரேஞ்சராகவே இருக்கிறார்.

அதே தொகுப்பில் நேச்சுரல் எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலாக வந்தது டெஃப்ட் எக்ஸ்ப்ளோரர். ஒரு திறமையில் இரட்டை ப்ரொஃபிஷியன்சி, பிறகு ஏறவும் நீந்தவும் வேகம், பிறகு களைப்பு தீர்த்தல். எங்கும் செல்லுபடியாகும், எந்தக் காட்சியையும் தாண்டவைக்காது. ஆனால் பயணத்தின் வாசம் போய்விட்டது. இரட்டை ப்ரொஃபிஷியன்சி ரோகுக்கும் உண்டு. மூன்றாவது தூணை நிமிர்த்துவதற்குப் பதிலாக ரேஞ்சரை அங்கிருந்து நகர்த்திவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நல்ல டி.எம். இருந்தால் போதும்"

இந்த வாதம் எல்லா மேசையிலும் வரும். ரேஞ்சரின் எதிரியை அடிக்கடி கொண்டுவாருங்கள், அவருடைய நிலத்தில் கதையை வையுங்கள் என்பார்கள். செய்யலாம். ஆனால் ஃபைட்டருக்காக யாரும் கதையை வளைப்பதில்லை. ரேஞ்சரின் தாளில் எழுதியிருப்பதை உயிரோடு வைக்க ஒருவர் முழு நெடுங்கதையையும் சதுப்பு நிலத்தில் நடத்த வேண்டுமென்றால், கிளாஸ் செய்யவேண்டிய வேலையை டி.எம். செய்கிறார் என்று பொருள். அதுவும் வளைத்துக் கொடுத்த பிறகு விதி அந்தக் காட்சியைத் தாண்டிப் போய்விடுகிறது.

வீட்டு விதியாக இதற்கு ஒரு வழி உண்டு. "வழி தவறாது" என்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரேஞ்சருக்குத் தேர்வைக் கொடுங்கள். பயணத்தின் ஒவ்வொரு நாளும் டி.எம். இரண்டு பாதைகளைச் சொல்வார். ஒவ்வொன்றிலும் உள்ள ஓர் ஆபத்தை ரேஞ்சர் மட்டும் முன்கூட்டியே உறுதியாக அறிவார்: ஒன்றில் முதலைகளின் தடம், இன்னொன்றில் இரவுக்குள் ஏறிவிடும் தண்ணீர். எந்தப் பக்கம் என்பதை அவர் குழுவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். தனக்குப் பழக்கப்பட்ட நிலம் என்றால் இரண்டு ஆபத்துகளை அறிவார், பழக்கமில்லாத நிலத்திலும் ஒன்று கிடைக்கும். டேமேஜில் ஒரு புள்ளிகூட மாறாது. ஆனால் மூன்று நாள் நடையில் மூன்று முறை எல்லோரும் அவர் வாயைப் பார்ப்பார்கள்.

மார்க்கும் கான்சென்ட்ரேஷனும்

2024 புத்தகம் ரேஞ்சரின் மையத்தில் ஹண்டர்ஸ் மார்க்கை வைத்தது. ஸ்பெல் முதல் லெவலிலேயே வருகிறது, மார்க் எப்போதும் தயார், சில முறை ஸ்லாட் செலவில்லாமல் போடலாம். பதின்மூன்றாவது லெவலில் அடிபட்டால் மார்க்கின் கான்சென்ட்ரேஷன் (ஸ்பெல் நீடிக்கத் தேவையான கவனம்) உடையாது. பதினேழில் மார்க் போட்ட எதிரி மீது அட்வான்டேஜ். இருபதாவது லெவலில் டி6 டி10 ஆகிறது, அதாவது ஓர் அம்புக்குச் சராசரியாக 2 டேமேஜ் கூடுகிறது. இருபதாவது லெவல் பரிசாக அது ரொம்பச் சின்னது.

பெரிய சிக்கல் கான்சென்ட்ரேஷன்தான். ரேஞ்சரின் நல்ல ஸ்பெல்கள் பலவற்றுக்கும் அது தேவை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும். கிளாஸின் மைய அம்சமும் கிளாஸின் ஸ்பெல் பட்டியலும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. ஓநாய்க்கும் அம்புக்கும் 2014-இல் நடந்த அதே போட்டி இப்போது இங்கே குடியேறியிருக்கிறது. இதே அரை மந்திரவாதி வகையான பாலடினின் டிவைன் ஸ்மைட் கான்சென்ட்ரேஷன் கேட்பதில்லை.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2019 சோதனையில் ஃபேவர்ட் ஃபோ என்ற பெயரில் மார்க்கைக் கான்சென்ட்ரேஷன் இல்லாமல் கொடுத்தார்கள். 2020-இல் அச்சானபோது அது கான்சென்ட்ரேஷன் கேட்கும் ஒரு 1டி4 ஆகச் சுருங்கியது. 2022 சோதனையில் கான்சென்ட்ரேஷனை மறுபடி எடுத்துவிட்டார்கள். 2024 அச்சில் மறுபடி வந்துவிட்டது. முதல் லெவலில் கான்சென்ட்ரேஷன் இல்லாத மார்க்கைக் கொடுத்தால் பல தாக்குதல் உள்ள ஃபைட்டர்கள் ஒரு லெவல் மட்டும் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு முதல் லெவலை மட்டும் பூட்டினால் போதுமே.

மேசையில் செய்யக்கூடியது இது. பதின்மூன்றாவது லெவல் அம்சத்தை "மார்க்குக்குக் கான்சென்ட்ரேஷன் தேவையில்லை" என்று மாற்றிவிடுங்கள். பதின்மூன்று லெவலை யாரும் தொட்டுக்கொள்ள மட்டும் எடுக்கமாட்டார்கள். நூற்றுக்கு 75 படும் இரண்டு அம்புக்கு மார்க் தருவது டர்னுக்கு 5 டேமேஜ் அளவுதான், ஆகவே சண்டைக் கணக்கும் குலையாது. மாறுவது ஒன்றுதான்: கான்ஜூர் அனிமல்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரேஞ்சர் இரையைக் குறிவைக்கவும் முடியும். அந்த லெவலுக்கு முன்னால் மாற்ற வேண்டுமென்றால் ஒன்பதாவது லெவல் வரை இறங்கலாம். ஐந்தாவதுக்குக் கீழே கொண்டுவந்தால் மல்டிகிளாஸ் (ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸ்) எடுப்பவர்கள் உங்கள் மேசையில் இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.